உஷார்! "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று வந்தால் காசை அனுப்பாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் நீங்கள் கம்பனி நடத்தினாலும் சரி, விடுதி, தனியார் மருத்துவமனை, கல்வி நிலையம், கூட்டுறவுச் சங்கம் எது நடத்தினாலும் சரி, கணக்குப் பகுதியில் இருக்கும் பிள்ளையிடம் இன்றைக்கே ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள். வழமையாகச் சாமான் தருகிறவரிடமிருந்து "கணக்கு இலக்கம் மாறிவிட்டது, இனி இதற்கு அனுப்புங்கள்" என்று மின்னஞ்சலோ வட்ஸ்அப்போ வந்தால், அவரோடு வாயால் பேசாமல் ஒரு சதமும் போகக்கூடாது. அந்த மின்னஞ்சலில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்க வேண்டாம். போன வருடத்துப் பில்லைத் தேடி எடுத்து, அதில் உள்ள இலக்கத்துக்கு எடுங்கள். இந்தக் கட்டுரையின் மிச்சத்தைப் பிறகு ஆறுதலாக வாசிக்கலாம்.

குடாநாட்டில் ஒரு நிறுவனம். பெயர் சொல்லமாட்டேன், அவர்கள் பட்டது போதும். அவர்களுடைய வருடக் கணக்கை முடித்துக் கொடுப்பவன் நான். போட்டோக்கொப்பி இயந்திரத்துக்கு ரோனர், அதன் பராமரிப்பு, கணினி உதிரிப்பாகம் எல்லாம் ஏழு வருடமாகக் கொழும்பில் ஒரே இடத்தில்தான் வாங்குகிறார்கள். ஒரு நாள் பின்னேரம் அந்த இடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. "எங்கள் கணக்கில் கணக்காய்வு நடக்கிறது, நிலுவைப் பணத்தைக் கீழ்வரும் கணக்குக்கு அனுப்பவும்." கீழே அந்த நிறுவனத்தின் சின்னம், முகவரி, வழமையாகக் கடிதம் எழுதும் பெண்ணின் பெயர் எல்லாம் இருந்தன. நிலுவைத் தொகை சதம் பிசகாமல் சரியாக இருந்தது: 4 லட்சத்து 18 ஆயிரம் ரூபா. அடுத்த நாள் காலையில் காசு போய்விட்டது.

பதினொரு நாளுக்குப் பிறகு கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணை, போன மாசக் காசு இன்னும் வரேல்லை."

"என்ன தம்பி சொல்லுறீர், அனுப்பிப் பத்து நாளாகுது!"

நான் போய்க் கோவையைத் திறந்து பார்த்தேன். வவுச்சர் ஒழுங்காக இருந்தது. பில் இருந்தது. அந்த மின்னஞ்சலைக்கூட அச்செடுத்து, துளையிட்டு, பின்னால் அழகாகக் கோத்திருந்தார்கள். மூன்று கையெழுத்து: தயாரித்தவர், சரிபார்த்தவர், அனுமதித்தவர். குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு அனுப்பியவரின் முகவரியை விரலால் தொட்டுத் தொட்டு எழுத்தெழுத்தாக வாசித்தேன். ஆங்கிலத்தில் 'எம்' இருக்கவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டு எழுத்தும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சிறிய எழுத்தில் இரண்டும் சேர்ந்தால் கண்ணுக்கு 'எம்' போலத்தான் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதேதான். வங்கிக்கு ஓடினார்கள். காசு வந்த அன்றே எடுக்கப்பட்டுவிட்டது என்றார்கள்.

இனி நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். அதே நிறுவனத்தில் அதே மாதம் ஒரு கணினி மவுஸ் பழுதாகிவிட்டது. புதியதன் விலை 1,500 ரூபா. களஞ்சியப் பொறுப்பாளர் கோரிக்கைப் படிவம் நிரப்பினார். பகுதித் தலைவர் ஒப்பமிட்டார். மூன்று விலைக்கோரல் வேண்டும் என்பது விதி. ஸ்ரான்லி வீதியில் மூன்று கடைக்குப் பெடியன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் அலைந்தான். முகாமையாளர் சாவகச்சேரிக்குப் போயிருந்ததால் படிவம் ஒரு நாள் மேசையில் கிடந்தது. பிறகு கணக்காளர், பிறகு சில்லறைக் காசுப் பெட்டி, பிறகு பில்லைப் பதிதல். ஐந்து பேரின் நேரத்தையும் கூட்டினால் நாலு மணித்தியாலம் வரும்.

ஒருவருக்கு மாதம் 75,000 சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் சேர்த்தால் 86,250. மாதம் 200 மணித்தியாலம் வேலை என்றால் மணிக்கு 431 ரூபா. நாலு மணித்தியாலத்துக்கு 1,725. ஆயிரத்து ஐந்நூறு ரூபா மவுஸை வாங்க ஆயிரத்து எழுநூறு ரூபா நேரம்! பெற்றோலை நான் இன்னும் சேர்க்கவில்லை. தும்புத்தடி, பேனா, ரியூப் லைற், தண்ணீர்ப் போத்தல் என்று இப்படி மாதம் நாற்பது கொள்வனவு நடந்தால் 69,000 ரூபா. கிட்டத்தட்ட ஒரு ஆளின் சம்பளம். எந்தப் பில்லிலும் இந்தக் காசு எழுதப்பட்டிருக்காது. அதனால் எந்தக் கணக்காய்வாளரின் கண்ணிலும் படாது.

1,500 ரூபாவுக்கு நாலு மணித்தியாலக் காவல். 4 லட்சத்து 18 ஆயிரம் போனதோ, கணினித் திரையில் நாலு நிமிடத்தில். எங்கள் நிறுவனங்களில் காவல் நிற்கும் இடமும் களவு நடக்கும் இடமும் வேறு வேறு. நான் பயப்படுவது இதற்குத்தான்.

மவுஸ், ரோனர் போன்ற இந்த வகைச் செலவுக்கு மறைமுகக் கொள்வனவு என்று பெயர். விற்பதற்கோ உற்பத்திக்கோ வாங்குவது நேரடிக் கொள்வனவு. நிறுவனம் இயங்குவதற்காக வாங்கும் மற்றதெல்லாம் மறைமுகம்: ஏ4 தாள், ரோனர், குளிரூட்டி சேர்விஸ், துப்புரவு, காவல், மென்பொருள் உரிமம், இணைய இணைப்பு, ஜெனரேற்றர் திருத்தம். ஒரு விடுதி முதலாளியை எனக்குத் தெரியும். விடியப் பாசையூர் சந்தைக்குத் தானே போவார். நண்டைத் தூக்கிப் பாரம் பார்த்து, வயிற்றுப் பக்கம் அமத்திப் பார்த்துத்தான் காசு கொடுப்பார். அவரை ஏமாற்ற யாராலும் முடியாது. அதே மனிதரிடம், குளிரூட்டிப் பராமரிப்பு ஒப்பந்தம் எப்போது முடிகிறது, வருடத்துக்கு ரோனருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டேன். "அதெல்லாம் கந்தோர்ப் பிள்ளையளுக்குத்தான் தெரியும்" என்றார். கந்தோரில் கேட்டால், சேர்விஸ்காரர் வரும்போது கையெழுத்துப் போடுவோம் என்றார்கள்.

ஒவ்வொன்றும் சிறியது என்பதால் யாரும் பார்ப்பதில்லை. என்ன வாங்கினோம் என்று யாருக்கும் நினைவில்லாத இடத்தில், எந்தப் பில் வந்தாலும் காசு கட்டப்படும். இணையத்தள முகவரியைப் புதுப்பிக்கவேண்டும் என்று பில் மாதிரியே ஒரு கடிதம் வரும். வர்த்தக விபரக்கொத்தில் பெயர் போட்டதற்கு என்று ஒன்று வரும். தொகை பெரிதாக இராது. "யாரோ சொல்லியிருப்பினம்" என்று கட்டிவிடுவார்கள். மோசடிக்காரர் நம்பியிருப்பது அந்த 'யாரோ'வைத்தான்.

பொருளாதாரத் தடைக் காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். ஒரு பற்றரிக்கும் ஒரு கட்டிச் சவர்க்காரத்துக்கும் கணக்கு வைத்திருந்த ஊர் இது. அந்தக் கவனம் எங்கே போனது என்று நினைத்தால் மனம் நோகிறது.

பலர் இப்போது என்னிடம் கேட்பது, "எல்லாத்தையும் டிஜிட்டல் ஆக்கினால் சரிதானே?" என்றுதான். ஆக்கத்தான் வேண்டும், நானும் அதைத்தான் சொல்லி வருகிறேன். ஆனால் பெரும்பாலான இடங்களில் நடப்பதை ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள். கணினியில் படிவத்தை நிரப்புகிறார்கள். அச்செடுக்கிறார்கள். கையெழுத்து வாங்குகிறார்கள். அதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடுகிறார்கள். மற்றப் பக்கத்தில் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து எக்ஸெல்லில் திரும்பத் தட்டுகிறார். கடைசியில் காகிதமும் கோவைக்குள் போகிறது. முன்பு ஒரு வேலை, இப்போது மூன்று. இலத்திரனியல் ஆவணங்களையும் ஒப்பந்தங்களையும் ஏற்கும் சட்டம் இலங்கையில் 2006ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது, 19ஆம் இலக்கச் சட்டம். இன்னும் அச்செடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

இன்னொரு இடத்தில் விலை கொடுத்து மென்பொருள் போட்டார்கள். ஒரே சாமானை ஒருவர் 'ஏ4 தாள்' என்று பதிந்தார், இன்னொருவர் 'போட்டோக்கொப்பிப் பேப்பர்' என்று, மூன்றாமவர் வெறுமனே 'ரீம்' என்று. வருடத்துக்கு எத்தனை கட்டுத் தாள் வாங்கினோம் என்று கேட்டால் அந்த மென்பொருளால் சொல்ல முடியவில்லை. பெயரை ஒழுங்காக்குவது ஒரு கிழமை வேலை. அதைச் செய்யாமல் இயந்திரத்தை வாங்கினால், குழம்பிய பாதையில் வேகமாக ஓடுவதுதான் மிச்சம்.

வேகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். முன்பு கொழும்புக்குக் காசோலை எழுதித் தபாலில் அனுப்புவோம். அதில் பெறுநரின் பெயர் இருக்கும், குறுக்குக் கோடு இருக்கும், பெயர் பிழைத்தால் வங்கி திருப்பிவிடும். 2006இல் காசோலைப் படத்தை அனுப்பித் தீர்க்கும் முறை வந்த பிறகும் அடுத்த வேலை நாள்வரை நேரம் இருந்தது. அந்தத் தாமதத்தை யாரும் பாதுகாப்பு என்று நினைத்து வைக்கவில்லை. ஆனாலும் அது பாதுகாத்தது. இடையில் யாராவது "இது என்ன புதுப் பெயர்?" என்று கேட்க ஒரு நாள் கிடைத்தது. 2015இல் வங்கிகளை இணைக்கும் லங்காபேயின் உடனடிப் பணப் பரிமாற்றம் வந்தபின் அந்த ஒரு நாள் இல்லை. தொழிலுக்கு அது பெரிய உதவி, திரும்பிப் போகவேண்டியதில்லை. ஆனால் தாமதம் தானாகச் செய்துகொண்டிருந்த காவலை இனி மனிதர் தெரிந்து செய்யவேண்டும். அந்த வேலையை யாருக்குக் கொடுத்தீர்கள்?

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். திருடர்கள் அந்த வங்கியின் பெயரில் அனுப்பியது 35 போலிப் பணக் கட்டளைகள், கிட்டத்தட்ட 95 கோடி டொலர். அதில் 2 கோடி டொலர் இலங்கையில் உள்ள ஓர் அமைப்பின் கணக்குக்கு வந்தது. 'பவுண்டேசன்' என்று இருக்கவேண்டிய சொல் 'பண்டேசன்' என்று பிழையாக எழுதப்பட்டிருந்தது. இடையில் இருந்த வங்கியில் அதைக் கண்டு விசாரித்தார்கள். அந்தக் காசு திரும்பியது. பிலிப்பைன்சுக்குப் போன 8 கோடியே 10 லட்சம் டொலரில் பெரும்பகுதி அங்கே சூதாட்ட விடுதிகள் வழியாகக் கரைந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. பங்களாதேஷ் மத்திய வங்கியில் பரிமாற்றங்களைத் தானாக அச்சிடும் பிறின்ரர் அன்றைக்கு வேலை செய்யவில்லை. வழமையான பழுது என்று அங்கே நினைத்தார்கள். திருடர்கள் செய்த வேலை அது. பிறின்ரர் பழுதாவதை ஒரு பொருட்டாகவே எடுக்காத கந்தோர் எத்தனை எங்கள் ஊரில் இருக்கின்றன!

பெரிய நிறுவனங்களில் இது நடக்காது என்று யாரும் நினைக்கவேண்டாம். லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்தாஸ் ரிமசௌஸ்கஸ் என்பவர், கூகுளுக்கும் பேஸ்புக்குக்கும் கணினிச் சாமான் வழங்கும் தாய்வான் நிறுவனமான குவாண்டாவின் பெயரிலேயே லத்வியாவில் ஒரு கம்பனியைப் பதிந்தார். 2013 முதல் 2015 வரை போலிப் பில் அனுப்பினார். இரண்டு நிறுவனங்களும் 12 கோடி டொலருக்கு மேல் கட்டின. 2019 டிசம்பரில் அவருக்கு 5 வருடச் சிறை. அமெரிக்காவில் இந்த மின்னஞ்சல் மோசடியால் 2023இல் மட்டும் 290 கோடி டொலர் இழப்பு என்று எப்.பி.ஐ.யிடம் முறைப்பாடுகள் பதிவாகின. கூகுளின் கணக்குப் பகுதியே ஏமாறியதென்றால், கோண்டாவிலில் தனியாக இருந்து பில் பதியும் பிள்ளை என்ன செய்யும்?

எங்கள் நாட்டு அரசாங்கத்துக்கு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். 2023 ஓகஸ்டில் அரச மின்னஞ்சல் முறைமையைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன; பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகமும் உட்பட. அந்தக் காலத்துக்குப் பிரதி எடுத்து வைக்கப்படவில்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் மின்னஞ்சல் மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. 2021இலிருந்தே மாற்றத் திட்டமிட்டும் நிதிப் பற்றாக்குறையாலும் முந்தைய பணிப்பாளர் சபைத் தீர்மானங்களாலும் தள்ளிப்போனது என்று பொறுப்பான நிறுவனம் சொன்னது. மறைமுகக் கொள்வனவு என்பது இதுதான்: ஒரு மென்பொருள் உரிமம், ஒரு பிரதி எடுக்கும் வசதி. யாருடைய மேசையிலும் அவசரம் என்று வராத கொள்வனவு. வாங்காமல் விட்டதன் விலை மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதப் போக்குவரத்து.

மறுபக்கத்தில், வாங்கியதை மறந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. மென்பொருளை இப்போது பெரும்பாலும் ஒரேயடியாக விற்பதில்லை. மாதச் சந்தா, அதுவும் டொலரில், முதலாளியின் கடன் அட்டையில் தானாகக் கழியும். ஆளுக்கு 10 டொலர் என்று 15 பேருக்கு எடுத்தால் மாதம் 150 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 30,000 ரூபா; மே மாதத்தில் 54,000. பாவனை கூடவில்லை, ஆள் கூடவில்லை, ரூபா விழுந்தது. ஒரு வாடிக்கையாளரின் அட்டைக் கணக்கைக் கோடு கோடாகப் பார்த்தபோது, வேலையை விட்டுக் கனடாவுக்குப் போய்விட்ட இரண்டு பேரின் பெயரில் இன்னும் சந்தா போய்க்கொண்டிருந்தது. காசு போனதைவிடக் கொடுமை, அவர்களுடைய கடவுச்சொல் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது.

பெறுமதி சேர் வரிக்குப் பதிந்தவர்கள் இன்னுமொன்றைக் கவனியுங்கள். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். 59,000 ரூபாவுக்கு ரோனர் வாங்கினால் அதில் 9,000 வரி. வரிப் பற்றுச்சீட்டு கையில் இருந்தால்தான் அதைக் கழிக்கலாம். எங்களுக்கோ கொழும்பிலிருந்து சாமான் இரவு பஸ்ஸில் பார்சலாக வருகிறது. பில் பெட்டியின் மேல் ஒட்டப்பட்டு, மழையில் நனைந்து, பெட்டியோடு குப்பைக்குப் போகிறது. கடை இயந்திரத்தில் வரும் வழுவழுத்த பில்லோ எங்கள் வெயிலுக்குச் சில மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். சாமான் வந்த அன்றே பில்லைப் படம் எடுத்து, திகதியும் வழங்குநர் பெயரும் போட்டு, கம்பனியின் இடத்தில் சேமிக்கவேண்டும். பெடியனின் சொந்தத் தொலைபேசியில் கிடந்தால் அவன் போகும்போது பில்லும் போகும்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பெரிய மென்பொருள் எதுவும் வாங்குவதற்கு முன்னால், ஒரு தொகைக்குக் கீழே உள்ள சாமானுக்கு மூன்று விலைக்கோரல் கேட்பதை நிறுத்துங்கள். அந்தத் தொகை எவ்வளவு என்று உங்கள் நேரக் கணக்கைப் போட்டு நீங்களே தீர்மானியுங்கள். எழுதுபொருள், துப்புரவுச் சாமான் எல்லாவற்றுக்கும் ஒரு கடையோடு வருட விலை பேசி, மாதம் ஒரு பில்லாக வாங்குங்கள். நாற்பது கொள்வனவு நாலாகும். அப்படி மிச்சம் பிடித்த நேரத்தைக் காசு வெளியே போகும் வாசலில் வையுங்கள். வழங்குநர்களின் பெயர், கணக்கு இலக்கம், பழைய தொலைபேசி இலக்கம் எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கட்டும். அதைத் திருத்துகிறவர் ஒருவர், காசு அனுப்புகிறவர் இன்னொருவர் என்றிருக்கட்டும். கணக்கு இலக்கம் மாறினால், யார் யாரோடு எத்தனை மணிக்குப் பேசி உறுதிப்படுத்தினார் என்று எழுதாமல் அந்தப் பட்டியல் மாறக்கூடாது. அனுப்புமுன் கணக்கு வைத்திருப்பவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதி உங்கள் வங்கியில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டுறவுச் சங்கங்களில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்று மூத்தவர்கள் வைத்தது இரண்டு பேர் யோசிக்கவேண்டும் என்பதற்காக. ஒருவர் யோசித்து மற்றவர் பேனாவைத் திறப்பதற்காக வைக்கவில்லை.

தப்பித்தவறிக் காசு போய்விட்டால் முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு. விடியட்டும் என்று பார்த்திருக்காதீர்கள், மணிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில் ஓடவேண்டும். பிறகு பொலிஸ் கணினிக் குற்றப் பிரிவு. இலங்கை கணினி அவசர உதவிப் பிரிவின் இலக்கம் 101. அதைக் கந்தோர்ச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

அந்த 4 லட்சத்து 18 ஆயிரத்தை அனுப்பிய பெடியனுக்கு வயது இருபத்துநாலு. எல்லாரும் ஏசி முடிந்தபின் நான் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "தம்பி, உமக்கு ஒரு சந்தேகமும் வரேல்லையா?"

"வந்தது ஐயா. அந்த அக்கா இப்பிடி எழுதமாட்டா. போன் எடுத்துக் கேப்பமா எண்டு யோசிச்சனான். இதுக்கெல்லாம் போன் எடுக்கிறதோ எண்டு பெரியவர் ஏசுவார் எண்டு பயத்தில பேசாமல் அனுப்பிட்டன்."

முதலாளிமாரே, நாளைக்குக் காலையில் கடை திறந்ததும் உங்கள் கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டு, சந்தேகம் வந்தால் காசை நிறுத்திவை, கேட்டதற்காக நான் ஒருநாளும் ஏசமாட்டேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.